வரைபடத்தில் பாறைத்தோட்டம்

யார் வேண்டுமானாலும் ஊர்ப்பெயர் சேர்க்கக்கூடிய வரைபட இணையத்தளம் ஒன்று இருக்கிறது. அவசியம் பாருங்கள்.

போன வாரம் அதில் இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டம் வெறும் பச்சையாகத்தான் இருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, நாங்கள் சொல்லும் ‘பாறைத்தோட்டம்’ என்ற பெயரைச் சேர்த்தேன்.

ஹட்டன் நெட் கடை அண்ணன் சிரித்தார். “தோட்டத்தையெல்லாம் ஊருன்னு எவன் ஏத்துக்குவான் தங்கச்சி?”

இன்று திறந்து பார்த்தோம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலேயே பெயர் நிற்கிறது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். “கொஞ்சம் நகரு. எங்க தோட்டத்தையும் போட்டுருவோம்.”

குடியுரிமைக்குத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த எங்களுக்கு, வரைபடம் ஒரே வாரத்தில் இடம் கொடுத்துவிட்டது.

உங்கள் தோட்டத்தை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? கீழே எழுதுங்கள். துரைக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.