சால்வை போட்ட தோள்

எத்தனையோ கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய எனக்கு, ஒரு கூட்டத்தில் பேசியது யார் என்றே தெரியவில்லை.

தொண்ணூறுகளில், இரும்புலியூரில் எங்கள் வாசகர் வட்டம். சிறப்புப் பேச்சாளர் மாலதி, ஆட்டிசம் உள்ளவர். வாய்ப்பேச்சு கிடையாது. எழுத்துகள் அச்சிட்ட அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவார். அவருடைய அக்கா வாசிப்பார்.

"என்னைப் பற்றிப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்" என்று முடித்தார்.

பலமாகக் கைதட்டிவிட்டு, சால்வையை அக்காவுக்குப் போர்த்தினேன். "அருமையாப் பேசினீங்கம்மா!"

மாலதி மறுபடி அட்டையைத் தொட்டார். அக்கா தலைகுனிந்து வாசித்தார்: "பேசியது நான்."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையில் அட்டையும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் செயலாளர் ஆறுதல் சொன்னார்: "விடுங்க சார், அடுத்த வருஷம் ரெண்டு சால்வையா வாங்கிடலாம்."