சட்டையைக் கழற்றச் சொன்ன சிஸ்டர்

வாட்ஸ்அப் குழுவில் ஷமீம் சிஸ்டர் படத்துக்குக் கீழே கேக் படம் போட்டது நான்தான். நம் மலை சிக்னலில் படம் பாதி மங்கலாக நின்றது. பூ தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. பிறந்தநாள் என்று நினைத்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவன், கீழே இருந்ததைப் படிக்கவில்லை. மகள்தான் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, சிஸ்டர் செத்துட்டாங்கப்பா."

"போடி, செவ்வாக்கெழமதான் எனக்குக் காய்ச்சல் பாத்தாங்க."

அன்று சிஸ்டர் என் காதில் காய்ச்சல் பார்க்கும் மிஷினை வைத்து, "நட்சத்திரத்தோட சூட்ட அளக்கிற வித்தைப்பா இது. உன் காதுக்கு எறங்கி வந்துகீது" என்றார். அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. அதற்குள் மாரடைப்பு என்கிறார்கள். வாணியம்பாடியில், தன் வீட்டில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது. டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லையாம்.

இதே மகள் பிறந்தது எட்டாம் மாதத்தில், அடைமழையில். ஜீப்பின் பின்சீட்டில் என் மனைவி மயங்கிக் கிடந்தாள். குழந்தை ஜில்லென்று இருந்தது.

"சட்டைய கழட்டுப்பா" என்றார் சிஸ்டர்.

டிரைவர் இருக்கிறாரே என்று நெளிந்தேன்.

"அவரு ரோட்ட பாக்கட்டும். நீ கழட்டு."

குழந்தையை என் மார்பில் படுக்கவைத்து, பையிலிருந்து ஒரு வெள்ளித்தாளை விரித்து இருவரையும் சேர்த்துச் சுற்றினார்.

"இன்னா சிஸ்டர், பிரியாணி பார்சலா?"

"விண்வெளிக்கு அனுப்பறதுக்குன்னு கண்டுபுடிச்சது. இதுக்குன்னு சூடு கெடையாது. உன் சூட்ட வெளிய வுடாது, அவ்ளோதான். பேசாம மூச்சு வுடு."

செங்கம் ஆஸ்பத்திரி வருவதற்குள் குழந்தை என்மேல் மூத்திரம் போனது. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அப்படிப்பட்ட தாளை நான் என்ன செய்தேன்? சாமைக் கொல்லையில் கிளி விரட்டக் கட்டினேன். தடுப்பூசி போட வந்த சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"ராக்கெட் சாமான கிளிக்குக் காட்றியா?"

"கிளி வர்லயே சிஸ்டர்."

அவரே அவிழ்த்து, கழுவி, மடித்து என் கையில் கொடுத்தார். "வூட்ல வை. யாருக்காவது வேணும்."

அதற்குப் பிறகு மூன்று குழந்தைகள் அந்தத் தாளில் சுற்றி மலை இறங்கின. மூன்று முறையும் சிஸ்டர் ஜீப்பில் இருந்தார்.

அடக்கத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் பையில் எடுத்துப் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. அப்படியே கொண்டுவந்து, கிளிக்குக் கட்டியபோது விழுந்த ஓட்டையை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மேல்வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவ நாள். அவள் புருஷன் என்னைவிடக் கூச்சக்காரன். மழை பிடித்துக்கொண்டால், சட்டையைக் கழற்று என்று அவனை அதட்ட வேண்டியவன் இனி நான்தான்.