அவன் அடித்துக்கொண்ட கன்னம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், நல்ல கத்திரி வெயிலில், ஆம்பூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் வாய் எனக்கு. அது அன்றைக்குத்தான் அடங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே ஷூ கம்பெனி. நான் தையல் மிஷினில், அவள் செக்கிங்கில். அவளுடைய கொழுந்தனுக்கு முப்பது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு வராது. ரொம்ப சாது. அப்படிப்பட்டவன் அந்த மாதம் தன் கன்னத்திலேயே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொள்ள ஆரம்பித்தான். முகம் வீங்கி, தோல் கிழிந்து ரத்தம்.

"பிடிவாதம் ஜாஸ்தியாய்டுச்சு, கையைக் கட்டிப் போடு" என்று பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான். அவள் புருஷனும் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை தம்பியை எங்கேயோ தூரத்து ஹோமில் விட்டுவிடுவதென்று முடிவு கட்டிவிட்டார்.

அவள் மட்டும் அவன் கையைக் கட்டாமல், கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் தவணை கேட்டாள். செக்கிங்கில் ஷூ கெட்டுப்போய் வந்தால், எந்த மணிக்கு, எந்த இடத்தில், என்ன பழுது என்று மணிக்கு மணி குறிப்பார்கள். அதே மாதிரி காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, லீவும் போட்டுவிட்டு, அவன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடி இது, மனுசன் இன்னா ஷூவா?" என்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் தாளை நீட்டினாள். "பாருக்கா, சூடா டீ குடிச்சா அடிச்சுக்கிறான், சோத்தை மென்னா அடிச்சுக்கிறான். எல்லாமே இடது பக்கம்தான். சும்மா இருக்கும்போது கம்மிதான்."

அன்றே பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இடது கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தை, அடியில் சீழ். வலி தாங்காமல் வலிக்கிற இடத்தையே அடித்திருக்கிறான், பாவம். பல்லை எடுத்து, மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் அடிப்பது நின்றுவிட்டது. ஹோம் பேச்சும் நின்றது. அவள் புருஷன் தம்பிக்குத் தோசையைப் பிய்த்து ஊட்டியதை நானே பார்த்தேன்.

இப்போதும் எங்கேயாவது மேளச் சத்தம் அதிகமானால் தலையில் அடித்துக்கொள்வான்தான். அவள் அதட்ட மாட்டாள், கையைப் பிடிக்க மாட்டாள். சத்தம் இல்லாத இடத்துக்கு மெல்ல நடத்திக்கொண்டு போவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் மனசுக்குள் அவளைக் கும்பிடுகிறேன்.

அந்த ஒரு மாதமும் அவன் தனக்கு வலிக்கிறது என்று எங்கள் கண்ணெதிரே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவளும் என்னைப் போலவே இருந்திருந்தால், இன்றைக்கு அவன் யாருமில்லாத இடத்தில் அந்த வலியோடு கட்டுண்டு கிடந்திருப்பான்.