வாத்துத் திருடனுக்குச் சோறு போட்ட மாமனார்

நேற்று கியாக்டடாவுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு அம்மாள் மூங்கில் கூடையோடு ஏறி, அதை என் காலடியில் வைத்தாள். உள்ளே வாத்துகள். அவை என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. ஈர வைக்கோலும் சேறும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். சுலே பகோடாவில் இறங்க வேண்டியவள், அதைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன். அதுவரை நான் நினைப்பில் பட்டணத்துக்கு வெளியே மாவ்பியில், என் மாமனாரின் வயலில் இருந்தேன்.

நான் பட்டணத்துக்குள், லான்மடாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா குமாஸ்தா. மாவ்பிப் பக்கம் விவசாயம் செய்யும் குடும்பம், மென்னோனைட் சபைக்காரர்கள் என்று வரன் வந்தபோது, "மருந்துப் பேரு மாதிரி இருக்கே" என்றார். பிறகு விசாரித்துச் சொன்னார்கள்: கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஆயுதம் தொட மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள், விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம். மாமா குழந்தையில் ஒருமுறை வாங்கியிருந்தார். கல்யாணமான பிறகு, ஊருக்கு வந்த ஒரு போதகரின் பேச்சைக் கேட்டு, வாய்க்காலில் மறுபடியும் முங்கி எழுந்தார். "ரெண்டு தடவ முங்கியும் பிடிவாதம் கரையல" என்பாள் அத்தை.

அந்த வீட்டுக்கு முதன்முதலாக நான் குதிகால் செருப்போடு போனேன். அந்தச் செருப்பில் ஒன்று இன்னமும் அந்த வயலுக்குள்தான் கிடக்க வேண்டும்.

மாமா வாத்து வளர்த்தார். கோ பௌ என்ற பர்மியப் பையன் அதைத் திருடினான். பையன் என்றால் இருபது வயதுக்காரன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த திருடன். பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர்த்தலைவர், "இவன்தான் எடுத்தான்னு சத்தியம் பண்ணுங்க, உள்ள தள்ளிடலாம்" என்றார்.

"சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் மாமா. "ஆனா எடுத்தது இவன்தான்."

ஊர்த்தலைவருக்கு இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மாமா திருடனை வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, அத்தையைச் சோறு போடச் சொன்னார். அத்தை தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. கோ பௌ நன்றாகச் சாப்பிட்டான். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் திருடினான். மறுபடியும் சோறு. அதற்குப் பிறகு திருடுகிற வேலையை விட்டுவிட்டு, நேராகச் சாப்பிடவே வர ஆரம்பித்தான்.

இப்படி அவன் திருந்தியதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு மதியம், வாத்துக் கொட்டகையில் சத்தம் கேட்டது. நானும் என் வீட்டுக்காரரும் லீவில் போயிருந்தோம். அவர் பேங்கில் வேலை பார்ப்பவர். கோபம் என்றால் ஃபைலைச் சத்தமாக மூடுவார், அவ்வளவுதான். அன்றைக்கு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். கோ பௌ ஒரு வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூலையில் நின்றான். இவர் அவன் தலையைக் குறிவைத்து ஓங்கினார். குறுக்கே மாமா வந்துவிட்டார்.

மாமாவின் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மாமாவின் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அவன் மண்டையில விழுந்திருந்தா நீ என்ன ஆகியிருப்ப?" என்றார் மாமா. "எனக்கு விழுந்ததே நல்லதுடா." அதற்குமேல் அதைப் பற்றி வாழ்நாளில் பேசவில்லை. என் வீட்டுக்காரர் எருமைக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதார். தேடிப் போன நான் வைக்கோல் எடுக்க வந்தவள் மாதிரி கொஞ்சம் வைக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சமையல்கட்டுவரை கொண்டுபோனேன்.

உழவு நேரம். மாமாவால் கையைத் தூக்க முடியாது. என் வீட்டுக்காரர் ஏர் பிடித்துப் பார்த்தார். எருமைகள் நின்று யோசித்தன. மறுநாள் காலை கோ பௌ வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், எருமைகளை அவிழ்த்து வயலுக்கு ஓட்டிப் போனான். அத்தை வரப்பில் நின்று பார்த்தாள். "திருடன்கிட்ட மாட்டையும் குடுத்தாச்சு" என்றாள். மத்தியானம் அவளே சோறு கொண்டுபோனாள். இந்தத் தடவை தட்டு சத்தம் போடவில்லை.

அவன் அப்படியே தங்கிவிட்டான். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். மாமாவை, பர்மியர்கள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, "அபா" என்பான். அவன் பௌத்தன், மாமா ஒருநாளும் வேதம் படிக்கச் சொன்னதில்லை. முறிந்த எலும்பு கோணலாகக் கூடியதால் ஒரு தோள் தாழ்ந்தே நடந்த மாமா தொண்ணூறைத் தாண்டி இருந்தார். அத்தையைப் புதைத்தார், ஒரு மகளைப் புதைத்தார், பேரப்பிள்ளைகளை ஏர்போர்ட்டில் வழியனுப்பினார். ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சின்ன வயதுப் போதகர் பர்மிய மொழியில் ஜெபித்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அந்த வீட்டில் மாமா தானே கட்டிய ஒரு தமிழ் ஜெபம் உண்டு. மழை, எருமை, பகைவர் எல்லாரும் அதில் வருவார்கள், சோறு ஆறிவிடும். என் பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்கும் பாதிதான் வரும். அப்போது, தானும் நரைத்துப்போயிருந்த கோ பௌ எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பர்மிய நாக்கால் தமிழை உடைத்து உடைத்து, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார்.

பிறகு நான் கேட்டேன், "அர்த்தம் தெரியுமா, கோ பௌ?"

"தெரியாது. அது முடிஞ்சாத்தான் சோறுன்னு தெரியும்."

வயல் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைச் சுவர். வீடு மட்டும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை மிச்சமிருப்பவர்கள் கூடுகிறோம். அந்த ஜெபத்தைக் கோ பௌதான் சொல்வார். போன மழைக்காலத்தில் கோ பௌவும் போய்விட்டார். இப்போதெல்லாம் சூடாகவே சாப்பிடுகிறோம்.