ஈரப்புஞ்சையில் என் தடம்

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி அருப்புக்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஓர் எவர்சில்வர் தட்டு. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் மெதுவாக ஓட்டிவந்து, "டவுனுக்கா தம்பி? ஏறு" என்றார். "இந்தா, பக்கத்துலதான்" என்றேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களைவிட்டுப் போயிருக்கிறேன். அதெல்லாம் பழக்கத்தில் வந்தது.

அந்தத் தட்டு நான் ஓடி வாங்கியது.

எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பையன்களுக்கு ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். கண்மாய் மடையில் தொடங்கி, வண்டிப்பாதையில் அய்யனார் கோயில்வரை போய், மறுபடி மடைக்கே வர வேண்டும். அந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்தது. கரிசல் நனைந்தால் பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி மண் ஏறிக்கொள்ளும். தள்ளி வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் விளையாட்டு விடுதி வாத்தியார் ஒருவர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். முதல் இரண்டு பேருக்கு விடுதியில் இடம். படிப்பு, மூன்று வேளைச் சோறு. நான் ஏற்கெனவே இரண்டு முறை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். படிப்பு என்பது காதில் விழவில்லை, மூன்று வேளை என்பது விழுந்தது. அம்மா பருத்தி எடுக்கப் போகும் நாட்களில் எங்களுக்கு இரண்டு வேளை. போகாத நாட்களில் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஷூ இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்றார் வாத்தியார். ஊரில் ஷூ வைத்திருந்தது இரண்டு பேர். அவர்கள் அய்யனார் கோயிலைப் பார்க்கவே இல்லை. பாதி வழியில் கரிசல் ஷூவைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வெறுங்காலோடு, கையில் ஆளுக்கொரு குச்சியோடு ஓடினோம். கொஞ்ச தூரம் ஓடுவது, நின்று குச்சியால் மண்ணை வழிப்பது, மறுபடி ஓடுவது. ஓட்டம் என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். திரும்பி வரும்போது முதலில் ஒரு பெரிய பையன், இரண்டாவது என் அத்தை மகன், மூன்றாவது நான்.

"ஏலே, மண்ணை வீட்டுக்கா கொண்டு போற? வழிச்சுப் போட்டுட்டு வாடா" என்று அத்தை மகன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

பாதை அந்த இடத்தில் பெரியம்மாவின் புஞ்சையைச் சுற்றி வளையும். பெரியம்மா என்றால் முறைக்குத்தான்; புருஷன் இறந்தபின் தனியாக வெள்ளாமை பார்த்தவள். முதல் விதைப்பு மழையில்லாமல் கருகி, இரண்டாம் தடவையாகக் கொத்தமல்லி விதைத்து, அது அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. ஈரப்புஞ்சையில் எங்கள் பக்கம் யாரும் கால் வைக்க மாட்டார்கள், சொந்தக்காரர்கூட. மிதித்த இடம் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும், பயிர் எழும்பாது. இது நடக்கப் பழகும்போதே எங்களுக்குச் சொல்லித்தருவது.

அத்தை மகன் கருவேலம் புதருக்கு அப்பால் மறைந்தான். நான் புஞ்சைக்குள் இறங்கிக் குறுக்கே ஓடினேன். நூறு எட்டுகூட இருக்காது.

இரண்டாவதாக வந்தேன். அத்தை மகன் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"எந்தப் பக்கமா வந்த?"

"பாதையிலதான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். மல்லி இலை ஒட்டியிருந்ததோ என்னவோ. எனக்குத் தட்டு கொடுத்தார்கள். வாத்தியார் பெயரை எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் ஊருக்கு வரும் முதல் பஸ்ஸில் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா அன்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

பிறகு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. புஞ்சை காய்ந்ததும் அதன் நடுவே என் தடம் வார்த்து வைத்ததுபோல் நின்றது. சின்ன வயதில் வண்டிச்சக்கரம் ஏறியதால் என் இடது பெருவிரல் தனியாக விலகியிருக்கும். ஊரில் அப்படி விரல் எனக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா களைக்கொத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஒம் மகன் எங்க?"

"ஏங்க்கா, என்ன செஞ்சான்?"

"என்னத்தச் செஞ்சான்னு எம் புஞ்சையில போயிப் பாரு. நாளைக்கு விடியமுன்ன அவன வரச்சொல்லு. மிதிச்சதெல்லாம் அவனே கொத்திவிடணும். ஒரு தடம் இருக்கக் கூடாது."

"வேணும்னா நாலு அடி அடிச்சுருங்கக்கா. வெளிய சொல்லிராதீக."

"அடிச்சா எம் மல்லி எந்திரிச்சிருமாக்கும்? விடியமுன்ன வரச்சொல்லு" என்று களைக்கொத்தை வாசலில் போட்டுவிட்டுப் போனாள்.

புஞ்சை பஸ் ரோட்டோரம் இருந்தது. என் தடத்தை நானே குனிந்து கொத்திக்கொண்டிருப்பதும், அந்த நேரம் பார்த்து வாத்தியார் பஸ்ஸைவிட்டு இறங்குவதும் என் கண்ணுக்குள் வந்தன. அம்மா புஞ்சையைப் பார்க்கப் போன சமயத்தில் தட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ் வருவதற்குள் நான் திரும்பிவிடுவேன் என்று நம்பி, மறுநாள் அம்மாவும் பெரியம்மாவும் இருட்டோடு போய்க் கொத்தி முடித்ததைப் பல வருஷம் கழித்து அத்தை மகன் சொன்னான். "வாத்தியாரு வந்தப்ப புஞ்சையில ஒரு தடம் இல்ல. நாங்களும் யாரும் வாயத் தெறக்கல. நீ இருந்திருந்தா ஒன்னையத்தான்டா கூட்டிட்டுப் போயிருப்பாரு." நான் இல்லாததால் அவன் போனான். இப்போது அரசாங்க வேலையில் இருக்கிறான். பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பான். அது அவன் இடம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று ராத்திரி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தூங்கினேன். விடிந்ததும், செங்கல் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய டிராக்டர்காரர் ஒருவர் என்னைப் பாலவனத்தம் பக்கம் ஒரு சூளைக்குக் கூட்டிப்போனார். சூளைக்காரர் பெயர்கூடக் கேட்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். "கால் நல்லாத்தான் இருக்கு. எறங்கி மிதிலே" என்று தண்ணீர் விட்டு ஊறப்போட்டிருந்த மண்குழியைக் காட்டினார்.

தட்டைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வந்திருக்கும் நேரம். பெரியம்மா எதற்காக விடியமுன்ன என்று இரண்டு தடவை சொன்னாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை. நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் மிதிக்க ஆரம்பித்தேன்.