வீடு பார்க்க வந்த அம்மா

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், தேனியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். வாடகைக்கு வீடு தேடுகிறாராம். எங்கள் வீடு காலியாகப் போகிறது என்று தெருவில் யாரோ சொன்னார்களாம். நான் அப்போது ஆபீஸில் இருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் என் ரூம்மேட்கள் ஜெனிட்டாவும் ஷர்மிளாவும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவர்களைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெனிட்டாவுக்கு ராயப்பன்பட்டி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடியற்காலையில் எழுந்து பேப்பர் திருத்த அலாரம் வைப்பாள்... அது அடித்ததும் நாங்கள் இருவரும் எழுந்து அவளை எழுப்புவோம். ஷர்மிளாவுக்கு போடி. மருந்து ஏஜென்சியில் வேலை. தன் தயிர் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்தவர் தயிரைச் சாப்பிடுகிறவள். என்னைப் பற்றி அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நான் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பார்கள். கேட்கும்தான்.

வந்த அம்மாவை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "இந்த வீடு வேணாம்மா, பாத்ரூம் குழாய் ராப்பகலா ஒழுகும்" என்று ஷர்மிளா நல்ல மனதோடு எச்சரித்திருக்கிறாள். அந்த அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"எத்தன பேரு இருக்கீக?"

"மூணு பேரும்மா."

"இன்னொரு புள்ள எங்க? தெனமும் இம்புட்டு நேரமாகுமா?"

"ஜிஎஸ்டி தாக்கல் பண்ற வாரம்னா ஆகும்மா. ஆடிட்டர் ஆபீஸ்ல."

"ஆம்பளப் பயக யாரும் வந்து போவாகளா?"

வாடகைக்கு வீடு பார்க்கிறவர் கேட்கிற கேள்வியா இது? தண்ணீர் எப்போது வரும், அட்வான்ஸ் எவ்வளவு, வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடுவாரா — இதையெல்லாம் அல்லவா கேட்க வேண்டும்! ஜெனிட்டாவுக்குப் பொறி தட்டிவிட்டது. இவர் வீடு பார்க்க வரவில்லை. விசாரிக்க வந்திருக்கிறார்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். பையனைப் பற்றி அவன் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில். பெண்ணைப் பற்றி பக்கத்து வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும். யார், எதற்கு என்று சொல்லிவிட்டுக் கேட்டால் உண்மை வராதாம். அதனால் விலாசம் தேடி வந்தவர் மாதிரி, நிலம் பார்க்க வந்தவர் மாதிரி நடிப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில் வீடெடுத்துத் தங்க ஆரம்பித்த பிறகு, சான்றிதழ் கொடுக்கிற அந்தப் பெரிய பதவி ரூம்மேட்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பதவி கிடைத்ததும் ஜெனிட்டா என்னைப் பற்றி என்ன சொன்னாள் தெரியுமா?

"தங்கமான புள்ளம்மா. வீட்டுல இருக்குற எடமே தெரியாது!"

நான் திரும்பி வந்ததும் இருவரும் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணுக்கு நாம் வைத்திருக்கிற ஆகப் பெரிய பாராட்டு, அவள் இருப்பதே தெரியாது என்பதுதானா? எங்கள் வீட்டுப் பல்லி கூட நாள் முழுக்கக் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை.

"வேற என்னடி சொல்லச் சொல்ற? வாயத் தொறந்தா மூடாதுன்னு சொல்லவா?" என்றாள் ஜெனிட்டா.

சனிக்கிழமை ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறினேன். தேனியிலிருந்து சின்னமனூர், அங்கே இறங்கி இன்னொரு பஸ். வீட்டுக்குள் நுழைந்ததும் புரிந்துவிட்டது. ஃபேன் இறக்கையில் தூசி இல்லை. சோபாவுக்குப் புது விரிப்பு. அம்மா என்னிடம் அளவுக்கு மீறிய அன்போடு பேசினார்.

"நாளைக்கு வீரபாண்டியில இருந்து உன்னையப் பாக்க வர்றாக. பையன் மெட்ராஸ்ல வேல பாக்குறாக" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா, ஒண்ணே ஒண்ணு. நீ தெனமும் இங்கன இருந்துதான் வேலைக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கோம். தேனி வீட்டப் பத்தி வாயத் தொறந்துறாத."

இது புதிய பொய் இல்லை. நான் தேனியில் தங்க ஆரம்பித்த நாளிலிருந்தே எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதே பொய்தான். தாக்கல் வாரங்களில் ஆபீஸ் முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற கடைசி பஸ் போய்விடும். அதனால்தான் வீடெடுத்தேன். அந்த வீடு இல்லையென்றால் எனக்கு அந்த வேலை இல்லை. இது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

தெரிந்தும் அப்பா சொன்னார். "இந்த எடம் அமஞ்சாலும் சரி, அமையாட்டியும் சரி. இந்த மாசத்தோட அந்த ரூமக் காலி பண்ணிரு. வர்றவக போறவககிட்டயெல்லாம் பொய் சொல்லி என்னால முடியல."

பொய் சொல்லக் கஷ்டமாக இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பொய்யை நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் வேலையை நிறுத்துவார்கள்!

நான் கேட்டேன். "அந்தப் பையன் மெட்ராஸ்ல யாரு கூட இருக்காரு?"

பதில் சொன்னது என் மாமா, அம்மாவின் தம்பி. மாமாதான் சென்னைக்கே போய்ப் பையனை விசாரித்துவிட்டு வந்தவர். முகமெல்லாம் மலர்ச்சி. "நாலு பயக ஒண்ணா வீடெடுத்து இருக்காக. தங்கமான பயக. என்னைய உக்கார வச்சு பிரியாணி வாங்கிக் குடுத்தாக. நாலு பேரு கூட இருந்து பழகுன பையன், நல்லா அனுசரிச்சுப் போவான்."

கவனித்தீர்களா? அவர்கள் நாலு பேராக இருந்தால் அனுசரணை. நாங்கள் மூன்று பேராக இருந்தால் மறைக்க வேண்டிய விஷயம்.

"அடுப்படியப் பாத்தீகளா மாமா? ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்தீகளா?"

"அதெல்லாம் நான் எதுக்கு ஆத்தா பாக்கணும்?" என்று மாமா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

வியாழக்கிழமை ஓர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துபோன கதையைச் சொன்னேன். பையன் வீட்டாராக இருக்கலாம் என்றும் சொன்னேன். அம்மா ஒரே அடியாக மறுத்துவிட்டார். "சீ... அவுக பெரிய குடும்பம். அப்படி வேஷம் போட்டுக்கிட்டு வருவாகளா?" பக்கத்திலேயே மாமா உட்கார்ந்திருந்தார். வங்கியிலிருந்து கடன் விசாரணைக்கு வந்ததாகச் சொல்லிச் சென்னை வீட்டுக்குள் நுழைந்தவர் அவர்.

எனக்கு இதில் வலித்தது வேறு ஒன்று. போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நான் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஷர்மிளா. லீவு போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டியது ஜெனிட்டா. அம்மா ஊரிலிருந்து வந்து அதே வீட்டில் தங்கினார், ஷர்மிளாவின் கட்டிலில் படுத்தார். கிளம்பும்போது இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது அப்படி ஒரு வீடே இல்லை என்று சொல்லச் சொல்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா. காபித் தட்டோடு நான் கூடத்துக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால்... அந்த அம்மாவின் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி!

என்னைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். ஃப்ரிட்ஜைப் பார்த்த அதே கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தார்.

என் அம்மா ஆரம்பித்தார். "தெனமும் காலையில பஸ் ஏறிப் போயிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்துருவா மதினி. நம்ம வீட்டுப் பிள்ளைகள வெளிய தங்க விடுறது எங்களுக்குப் பழக்கமில்ல."

"அப்படியா?" என்றார் அந்த அம்மா. முகத்தில் ஒரு சலனம் இல்லை. "பாவம், தெனமும் அலைச்சல்தான்."

"அலைச்சல்தான். ஆனா வீட்டுச் சாப்பாடு இல்லாம இருக்க மாட்டா."

"அதுவும் நல்லதுதான் மதினி."

நான் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். என் ஆபீஸ் பக்கம் விசாரித்துத் தேனி வீட்டைக் கண்டுபிடித்திருப்பார் போல; என் அம்மா சொல்வது பொய் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியாது... சொன்னால் தான் வேஷம் போட்டு வந்தது வெளியே வந்துவிடும். அதனால் எங்கள் தோட்டத்து விதையில்லாத் திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பொய்யைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று காத்திருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. என் அம்மாவும் சளைக்கவில்லை. நான் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் கூட உட்கார மாட்டேன் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

இரண்டு குடும்பமும் கௌரவமான குடும்பம். இரண்டும் கேசரி சாப்பிட்டபடி ஒன்றை ஒன்று ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன. இதற்குப் பெயர் சம்பந்தம் பேசுவதாம்!

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அத்தை, வியாழக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீகளே... டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா மிக்சரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அந்த அம்மா சாமானியப்பட்டவர் இல்லை. ஒரு திராட்சையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் இருந்துச்சு. சீனிதான் கொஞ்சம் கூட."

"அது ஷர்மிளா போட்டது. அவளுக்குச் சீனி அளவே தெரியாது. நான் தேனியிலதான் தங்கியிருக்கேன் அத்தை. நீங்க பாத்தீகளே, அதே வீடுதான். அவுக ரெண்டு பேரும் இல்லாட்டி போன வருசம் நான் பிழைச்சிருக்கவே மாட்டேன்."

பிறகு பையன் பக்கம் திரும்பினேன். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று. "உங்க வீட்டு அடுப்படி எப்படி இருக்கும்?"

அவர் கொஞ்சம் முழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடுப்படியா? அதுல ஹெல்மெட்டும் கிரிக்கெட் பேட்டும் வச்சிருக்கோங்க. அடுப்பு எரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"ஏலே, நீ சும்மா இரு!" என்றார் அவருடைய அம்மா.

அந்தக் கூடத்தில் என்னைத் தவிர உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் சும்மா இருக்கச் சொன்னார்கள். சொல்வதற்கென்ன, எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஹெல்மெட்டைக் கூடத்துக்கு மாற்றினால் சரியாகிவிடக்கூடிய மனிதர்தான். ஆனால் அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் தேனிக்குத் திரும்பியிருந்தேன். தரகர் மூலமாக வந்த பதிலை அம்மா போனில் சொன்னார். "பொண்ணு நல்ல பொண்ணுதானாம். ஆனா இப்படிப் பொய் பேசுற குடும்பத்துல சம்பந்தம் வச்சுக்க யோசிக்கிறாகளாம்."

இன்னொரு முறை படியுங்கள். வீடு வேண்டும் என்று பொய் சொல்லி உள்ளே நுழைந்து, அடுத்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்த அம்மாவுக்குப் பொய் பேசுகிறவர்களைப் பிடிக்காதாம். போனில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டிருந்தார். என் வாயால்தான் எல்லாம் கெட்டது என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா அழுதால் எனக்குத் தாங்காது, அது யார் தப்பாக இருந்தாலும்.

ஜெனிட்டாவும் ஷர்மிளாவும் அன்றைக்கு என்னிடம் அதிகம் பேசவில்லை. வீட்டை எப்போது காலி செய்யப்போகிறாய் என்று கேட்கப் பயந்தார்கள் என்று நினைக்கிறேன். நானும் மாதக் கடைசியை நினைத்துக்கொண்டு ஆபீஸில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா கூப்பிட்டார். எப்போதும் அம்மாதான் பேசுவார். அப்பா போன் செய்தால் யாரோ செத்துப்போனதாகத்தான் அர்த்தம். பயந்துகொண்டே எடுத்தேன்.

"மாமன்காரன் ஊரு பூராவும் சொல்லிட்டான்" என்றார். "ஓடைப்பட்டிக்கும் தெரிஞ்சுபோச்சு, வீரபாண்டிக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருகிட்ட மறைக்க? அங்கனயே இருந்துட்டுப் போ."

வைத்துவிட்டார். நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று சொல்லவில்லை. உன் வேலை முக்கியம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்றுகூடச் சொல்லவில்லை. மறைக்க ஆள் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

இத்தனை நாளாக நியாயம் பேசிப் பேசிக் கிடைக்காத வீடு, மானம் போன இரண்டே நாளில் எனக்குக் கிடைத்துவிட்டது.