செருப்புப் போட்ட கரடி

எங்கள் பள்ளி ஓவியக் கண்காட்சியின் நடுச்சுவரில் என் படம் தொங்கியது. இதை இன்று சொல்லும்போதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் படத்துக்கு அந்த இடம் கிடைப்பது அதுவே முதல் தடவை.

கண்காட்சிக்குக் காட்டு விலங்குகளை நேரில் பார்த்து வரைய வேண்டும். வரைந்ததை வெட்டி ஒரே அட்டையில் ஒட்டி, சுற்றிலும் காடு தீட்ட வேண்டும். குறைந்தது ஐந்து விலங்கு. அதற்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அப்பா என்னைத் நாங்கள் குடியிருந்த தாபோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியிலிருந்த கத்ரஜ் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போனார்.

போய்ச் சேரும்போது உச்சிவெயில். புலி, சிறுத்தை, முதலை, ஓநாய் எல்லாம் தூக்கம். எனக்கென்ன, அசையாத விலங்கை வரைவது சுலபம். கூட வந்தவரும் தூக்கம்தான். "நீ வரைமா, நான் பாத்துனே இருக்கேன்" என்று பெஞ்சில் உட்காருவார். நான் புலியின் வாலுக்கு வருவதற்குள் குறட்டை கேட்கும். எழுப்பினால், "நான் எங்க தூங்கனேன்? கண்ண மூடினு இருந்தேன்" என்பார். என் படங்கள் அவருக்கு அலுப்பு என்று உள்ளூர எனக்குக் கோபம்.

கரடி மட்டும் நான்கு வாரமும் வெளியே வரவே இல்லை. மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தேன். தாடை மார்பில் இடிக்க, சாப்பாட்டுப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பெரிய உருண்டையாக அப்பா. அப்படியே வரைந்தேன். வீட்டுக்கு வந்து ரோமமும் இரண்டு காதும் வைத்துக் கறுப்புப் பூசினேன். பையைத் தேன்கூடாக்கினேன். நேரில் பார்த்து வரைந்ததுதானே, பொய்யில்லை.

டீச்சர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். எல்லாமே தூங்குகிறதே என்று அவருக்கு வியப்பு. "ஸப் ஸோ ரஹே ஹை?" என்றார். "ஸோ ரஹே தே, மேடம்" என்றேன். தூங்கினால் தூங்கினபடிதானே வரைய முடியும்? அவர் சிரித்துவிட்டார். மற்றவர்களுடைய கர்ஜிக்கும் புலிகளெல்லாம் ஓரத்துக்குப் போயின.

கண்காட்சிக்கு அப்பா, தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு மாமாவையும் கூட்டிவந்தார். அப்பா நேராகக் கரடி முன்னால் வந்து நின்றார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. கரடியின் காலில் அப்பாவின் செருப்பை அழிக்காமல் விட்டிருந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அந்தக் கரடி நான்தாம்பா. எம் பொண்ணு வரைஞ்சது!"

மாமா கரடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம டூட்டிய மாத்தி, யாரும் வேணாம்ன்ற சனிக்கெழம நைட்டு ஷிப்ட்ட நீ கேட்டு வாங்கனது இதுக்குத்தானா? ஞாயித்துக்கெழம பகல்ல வூட்ல தூங்கவே இல்லயா நீ?"

"கொழந்த எதிர்ல என்னா பேச்சு, உடு" என்றார் அப்பா.

அது என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. எனக்கு அன்று இருந்த ஒரே கவலை, மேடம் பார்த்துவிடுவாரோ என்பதுதான். அப்பாவின் செருப்பைக் கையால் மூடிக்கொண்டு, எல்லோரும் போகும்வரை அங்கேயே நின்றேன்.